எட்டும் காத்திருந்தன

எட்டு கம்ப்யூட்டர்களிலும் விளக்கு எரிந்தது. ஒன்றிலும் வேலை நடக்கவில்லை.

"சாமி கும்பிட்டீங்களா சார்?" என்றாள் லேப் பொறுப்பாளர் சத்யப்பிரியா.

"சிறுவாச்சூர்ல வெள்ளிக்கிழமையே தேங்கா ஒடச்சாச்சும்மா."

"அப்ப உங்க கம்பைலர்தான் சார் கோளாறு."

பரணிதரன் விசைப்பலகையை அருகே இழுத்தார். நெடுஞ்சாலையோரப் பொறியியல் கல்லூரி ஒன்றில் அவர் உதவிப் பேராசிரியர். முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது தலை நிறைய முடி இருந்தது. நீட்டிப்புக்கு மேல் நீட்டிப்பு வாங்கியதில் முடி போய்விட்டது, பட்டம் வரவில்லை. இன்று கடைசி நாள். இன்றைக்குள் வாய்மொழித் தேர்வு நடக்காவிட்டால் பதிவு ரத்து. பட்டமில்லாதவருக்கு அடுத்த வருஷம் நாற்காலி கிடையாது என்று நிர்வாகமும் சொல்லிவிட்டது, டீ கொடுத்து உபசரித்து.

ஆராய்ச்சிக்காக அவர் எழுதிய கம்பைலர் என்ற மென்பொருள் ஒரு பெரிய கணக்கை வாங்கி, கூறு போட்டு, எட்டு கம்ப்யூட்டர்களுக்கும் பங்கு வைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம். ஒன்றின் மனசில் இருப்பது இன்னொன்றுக்குத் தெரியாது. செய்தி அனுப்பினால்தான் உண்டு. இன்றைய செயல்விளக்கம், அரியலூர்ப் பக்கத்து சிமெண்ட் சூளையின் சுவரில் சூடு பரவும் கணக்கு. சுவரை எட்டுத் துண்டாக்கியாயிற்று. பக்கத்துத் துண்டின் ஓரச் சூடு தெரிந்தால்தான் ஒரு துண்டு தன் கணக்கைத் தொடங்க முடியும்.

'முதலில் அது சொல்லட்டும்' என்று எட்டும் காத்திருந்தன.

"கல்யாண வூட்ல சம்பந்திங்க உக்காந்திருக்கிற மாதிரில்ல இருக்கு" என்றாள் சத்யப்பிரியா. "வாங்கன்னு மொதல்ல யாரு சொல்றதுன்னு."

வாசலில் துறைத்தலைவர் பஞ்சநாதன் தலை நீட்டினார். பரணிதரனின் நெறியாளரும் அவர்தான். கையில் சரிகைப் பொன்னாடை.

"உத்திராபதி சார் வந்துட்டாராப்பா?"

சென்னையிலிருந்து வரவேண்டிய தேர்வாளர் அவர். தேர்வு பதினோரு மணிக்கு. இப்போதே அது தாண்டியிருந்தது.

"இன்னும் காணோம் சார்" என்றார் பரணிதரன். குரலில் சந்தோஷம் தெரியாமல் பார்த்துக்கொண்டார்.

"ஒரு போன் போட்டா என்ன சார்?" என்றாள் சத்யப்பிரியா.

"வேணாம்மா. பெரிய மனுஷன். அவசரப்படுத்துற மாதிரி இருக்கும். காரு உள்ள வந்தா தெரியாமயா போவும்? நான் ரூம்லதான் இருக்கேன், வந்தா சொல்லுங்க."

அவர் போனதும் பரணிதரன் கம்பைலரைத் திருத்தினார். எல்லா மெஷினும் முதலில் அனுப்பட்டும், அப்புறம் கேட்கட்டும்.

எட்டும் ஒரே நேரத்தில் பேசின. கேட்க ஆளில்லை. அனுப்பிய செய்திகள் வழியில் குவிந்து மூச்சு முட்டி, எட்டில் மூன்று கம்ப்யூட்டர்கள் அணைந்தே போயின.

"முன்னாடி சும்மாவாச்சும் இருந்துச்சு" என்றாள் சத்யப்பிரியா.

மதியம் சாப்பிடாமல், அணைந்தவற்றை எழுப்பிவிட்டு மறுபடி திருத்தினார். கொஞ்ச நேரம் காத்திருந்தும் பதில் வராவிட்டால், சூடு பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளட்டும். கணக்கு கண் இமைப்பதற்குள் முடிந்தது. திரையைப் பார்த்த சத்யப்பிரியா துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"அரியலூர் சூளை ஊட்டியைவிடக் குளுருது சார்."

பரணிதரன் வெளியே நடந்தார். இந்த வேலை போனால் வேறென்ன தெரியும் என்று யோசித்தார். சின்ன வெங்காயம் உரிப்பதில்கூட அவர் சுமார்தான் என்று வீட்டில் அபிப்பிராயம்.

கேட்டில் வாட்ச்மேன் கொளஞ்சி எழுந்து சல்யூட் வைத்தார். வைத்த கையை இறக்காமல் பரணிதரன் முகத்தையே பார்த்தார். தேர்வாளரைப் பற்றி விசாரிக்கலாமா என்று பரணிதரனுக்கு ஒரு கணம் தோன்றியது. வாய்விட்டுக் கேட்டு, அந்த நேரம் பார்த்து மனுஷன் வந்து இறங்கிவிட்டால்? வாயை மூடிக்கொண்டார். பாவம், கொளஞ்சிக்கு டீ வேண்டும்போல என்று எதிர்க்கடையில் ஒன்று வாங்கி வந்து நீட்டினார்.

கொளஞ்சி டீயை வாங்கிக்கொண்டார். அப்புறமும் முகத்தையே பார்த்தார். பரணிதரன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

படி ஏறும்போதுதான் சம்பந்திகள் ஞாபகம் வந்தது. எல்லாரும் காத்திருந்தாலும் ஆகாது, எல்லாரும் பேசினாலும் ஆகாது. ஒற்றைப்படை மெஷின்கள் முதலில் பேசட்டும்; இரட்டைப்படை மெஷின்கள் கேட்கட்டும். பிறகு மாற்றிக்கொள்ளட்டும். அவ்வளவுதானே? இத்தனை வருஷம் படித்தும் இது தோன்றாத தலையில் முடி எப்படி நிற்கும்?

திருத்தினார். ஓட்டினார்.

சூளையின் உள்பக்கம் சிவந்து, சிவப்பு துண்டு துண்டாகத் தாண்டி, எட்டாவது திரையின் ஓரம்வரை மெல்லப் படர்ந்தது.

"சார்!" சத்யப்பிரியா கைதட்டினாள். "யாராவது ஒருத்தர் மொதல்ல வாயத் தொறந்தா போதும்னு ஆயிடுச்சு!"

பரணிதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்போது வரட்டும் தேர்வாளர். பஞ்சநாதன் அறைக்கு ஓடினார். அவர் பொன்னாடையை மடியில் வைத்தபடி ஜன்னலைப் பார்த்திருந்தார். வெயில் இறங்கியிருந்தது.

"காரு ஒண்ணும் வரலியேப்பா."

பரணிதரன் கேட்டுக்கு ஓடினார். முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"கொளஞ்சி, மெட்ராஸ்லேர்ந்து ஒரு பெரியவர் வருவாரு. வந்தா ஒடனே சொல்றீங்களா?"

கொளஞ்சியின் முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அவரு காலையிலயே ஆட்டோவுல வந்துட்டாருங்க சார், கூப்புட ஆளு வரும் வரும்னு கெஸ்ட் ரூம்லயே உக்காந்து பாத்துட்டு இப்பதான் பஸ் ஏறிப் போறாரு, நீங்களா கேட்டா சொல்லுவோம்னு நானும் காலையிலேர்ந்து காத்துக்கிட்டுதான் இருக்கேன்."