பட்டத்து மீன்

பளிங்குபுரி என்று ஒரு நாடு இருந்தது. இன்னும் இருக்கக்கூடும். அதன் வரைபடத்தைக் கடைசியாக வரைந்தவர், எல்லைக்கோட்டைச் சற்று உள்ளே தள்ளிப் போட்டுவிட்ட குற்றத்துக்காகச் சிறையில் இருப்பதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மற்ற நாடுகளில் பட்டத்து யானை இருக்கும். பளிங்குபுரியில் பட்டத்து மீன் இருந்தது. அரசவையின் நடுவே ஆளுயரக் கண்ணாடித் தொட்டி. கடலிலிருந்து வண்டி வண்டியாக உப்புநீர் கொண்டுவந்து நிரப்பியிருந்தார்கள். உள்ளே பாறைகள். பாறைகளுக்கு நடுவே, உள்ளங்கையில் பாதிகூட இல்லாத ஒரு கறுப்பு மீன். உடம்பில் மூன்று வெள்ளைப் புள்ளிகள். முகத்தில், வரிசையில் யாரோ முந்திவிட்டது போன்ற கோபம்.

தொட்டிக்கு முதலில் வந்த மீன் அதுதான். தண்ணீர் இன்னும் பக்குவப்படாமல் பாதி விஷமாக இருந்தபோது, வேறு எதுவும் தாங்காது என்று இதை விட்டார்கள். தாங்கியது. ஆகவே தொட்டி முழுவதும் தன்னுடையது என்று முடிவு செய்துகொண்டது. பின்னால் வந்த மீன்களை வால் கிழியக் கிழிய விரட்டியது.

கடல்மீன் வளர்க்கத் தெரிந்தவர்கள் இந்தச் சண்டைக்கார இனத்தைக் கடைசியில்தான் விடுவார்கள். முதலில் விட்டவர் தொட்டி அதிகாரி பராங்குசர். அந்தத் தவறை மறைக்க ஒரே வழி பதவி உயர்வு என்பதால், அவர் இப்போது அமைதித்துறை அமைச்சர்.

மாமன்னர் சாந்தவர்மர் தொட்டியைப் பார்த்துத்தான் ஆட்சி செய்தார். தொட்டியில் செய்வது எதுவோ அதுவே நாட்டில் சட்டம்.

கடைமுனைத் தெருவில் இட்லிக் கடை வைத்திருந்த மங்கைத்தாய்க்கு இதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது சங்கிலிமுத்துவை. இலவசமாகத் தின்பான். தின்ற தட்டாலேயே அடிப்பான். அன்று காலை மாவுப் பானையை எட்டி உதைத்துத் தெருவோடு ஓடவிட்டான்.

"நான் குடிவந்தப்ப இது தெருவே இல்ல, தெரியுமா? முள்ளுக்காடு! பாம்பு கடிச்சும் நின்னவன் நான். நேத்து வந்து அடுப்புப் பத்த வச்சுட்டு, என் கடைங்கிறியா?"

மங்கைத்தாய் மாவு ஒட்டிய சேலையோடு நேராக அரண்மனைக்குப் போனாள்.

"மகாராசா, எனக்கு வேற எதுவும் வேணாம். காலையில கடை தெறக்கணும். அவனைத் தெருவை விட்டு வெளிய அனுப்புங்க. ஒரே ஒரு ஆளு. அம்புட்டுத்தான்."

மன்னர் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பட்டத்து மீன் அப்போதுதான் ஒரு மஞ்சள் மீனின் வாலைக் கடித்துத் துப்பியிருந்தது. மஞ்சள் மீன் மேல் மூலையில் போய் ஒண்டிக்கொண்டது.

பராங்குசர் தொண்டையைச் செருமினார். "அம்மணி, ஒருவரை அகற்றுவது வன்முறை. இவ்வரசு வன்முறையை வெறுக்கிறது. மேலும் மன்னர் பிறந்தநாள் ஊர்வலத்துக்கு ஆண்டுதோறும் ஆள் திரட்டித் தரும் தியாகி அவர்."

"அப்ப நான்?"

"தாங்கள் ஊர்வலத்துக்கு வருபவர்."

மன்னர் கையை உயர்த்தினார். "பட்டத்து மீனை நான் அகற்றுவேனா? மாட்டேன். பராங்குசரே, கல்லை மாற்றும்!"

சண்டைக்கார மீன் இருக்கும் தொட்டியில் பாறைகளைக் கலைத்து வேறு மாதிரி அடுக்கினால், எது தன் இடம் என்று அதற்குக் குழம்பிவிடும். கொஞ்ச நாள் சும்மா இருக்கும். அதன்படி இடமாற்றச் சட்டம் பிறந்தது. கடைமுனைத் தெருவில் எல்லோரும் வீடு மாறினார்கள். தையற்காரர் சவரிராயன் தறிக்கூடத்துக்கும், தறிக்காரர் மாட்டுக்கொட்டகைக்கும் போனார்கள். மாடு எங்கே போனது என்று அரசாணையில் இல்லை. மங்கைத்தாயின் கடை சாக்கடை ஓரத்துக்கு வந்தது. சங்கிலிமுத்து மதியம் வரை குழம்பினான். பிறகு, இருப்பதிலேயே பெரிய வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டான். சாயங்காலம் மாவுப் பானை மறுபடி உருண்டது.

"அடுப்பைத் தூக்கிட்டுப் போனேன். பின்னாலயே அவனும் வந்துட்டான், மகாராசா."

"திட்டம் வெற்றி. ஆனால் போதவில்லை" என்றார் பராங்குசர்.

அடுத்தது அடிப் பங்கீட்டுச் சட்டம். தொட்டியில் அதே இனத்து மீன்கள் இன்னும் ஆறு விடப்பட்டன. கூட்டம் நெருக்கமானால் ஒன்றே அடி வாங்கிச் சாகாது. அடி எல்லாவற்றுக்கும் பிரிந்து விழும் என்பது கணக்கு. தெருவுக்கும் மாகாணங்களிலிருந்து ஆறு ரவுடிகள் அரசுச் சம்பளத்தில் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள் என்று அமைச்சரவை எதிர்பார்த்தது. அவர்கள் சங்கிலிமுத்துவுக்கு மாலை போட்டார்கள். மக்கள் வாங்கிய அடி குறையவில்லை. ஒரே கையால் வாங்கும் சலிப்பு மட்டும் நீங்கியது.

மூன்றாவது சட்டம் நிஜமாகவே வேலை செய்தது. அதுதான் கொடுமை.

தொட்டியின் ஒரு பக்கம் கண்ணாடி ஒன்றை ஒட்டிவைத்தார்கள், முகம் பார்க்கும் கண்ணாடி. பட்டத்து மீன் அதில் தன்னைப் போலவே ஒரு திமிர் பிடித்தவனைக் கண்டது. நாள் முழுக்க அவனோடு மல்லுக்கு நின்றது. மற்ற மீன்கள் முதன்முறையாக நிதானமாகச் சாப்பிட்டன. உடனே கடைமுனைத் தெருக் கோடியில் பனைமர உயரத்துக்கு ஒரு கண்ணாடி நட்டார்கள். 'எதிரி நாடு' என்று மேலே பலகை.

"எப்படி முறைக்கிறான் பாரு, நாய்!" என்று சங்கிலிமுத்து கண்ணாடியை நோக்கி ஓடினான்.

"நம்மள மாதிரியே கையைத் தூக்குறான், அண்ணே!"

"திருட்டுப் பயலுக. எல்லாத்தையும் நம்மகிட்டதான் கத்துக்கிட்டானுக!"

காலையிலிருந்து இருட்டும்வரை தொடைதட்டல். மங்கைத்தாய் கடை திறந்தாள். இட்லி விற்றது. சவரிராயன் இரண்டாவது முறை சட்னி கேட்டார். அந்தத் தெருவில் வெகுகாலமாக யாரும் சட்னி கேட்கும் அளவுக்கு உட்கார்ந்ததில்லை.

பிறகு கண்ணாடியைத் துடைக்க வரி வந்தது. கண்ணாடிக்குக் காவல் வந்தது. தினமும் காலையில் ஒவ்வொருவரும் எதிரியைப் பார்த்து ஒருமுறை கத்திவிட்டுத்தான் வேலைக்குப் போகவேண்டும் என்று ஆணை வந்தது. மங்கைத்தாய் கரண்டியோடு போய் நின்றாள். பார்த்தாள். இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"என்னய்யா இது, என் மூஞ்சிதானே தெரியுது?"

கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

"எதிரியும் நாமளும் ஒண்ணுங்கிறா!" என்று சங்கிலிமுத்து கத்தினான். ஏழு பேரும் சேர்ந்து அடித்தார்கள். கடைக் கூரை விழுந்தது. அவள் எழுந்திருக்க இரண்டு பேர் தாங்க வேண்டியிருந்தது.

பராங்குசர் நேரிலேயே வந்துவிட்டார். கண்கலங்கினார். பின்னால் வண்டியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அரண்மனைத் தொட்டியில் வால் கிழிந்த மஞ்சள் மீனையும் அன்று காலைதான், துளை போட்ட ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டிருந்தார்கள். வெளியே இருக்கும் மீனால் கடிக்க முடியாது.

"அம்மணி, தங்கள் பாதுகாப்பே எங்கள் ஒரே கவலை. உள்ளே எழுந்தருளுங்கள்."

"நான் ஏன்யா உள்ள போகணும்? அடிச்சது அவன்."

"அவரை உள்ளே வைத்தால் அவர் மனம் புண்படும். ஏற்கெனவே புண்பட்டவர்களை வைப்பதே சிக்கனம்."

"கடை?"

"கடையும் பாதுகாக்கப்படும்."

பூட்டு வெளிப்பக்கம் இருந்தது. சாவி சங்கிலிமுத்துவிடம். தெருவில் எப்போதும் நடமாட்டத்தில் இருப்பவர் அவர்தானே என்றார் அமைச்சர். மறுநாள் காலை மங்கைத்தாயின் கடைக்குப் புதுக் கூரை போட்டு, கல்லாவில் சங்கிலிமுத்து உட்கார்ந்திருந்தான். பலகையில் அவள் பெயர் அப்படியே இருந்தது. பெட்டியின் துளை ஒரு விரல் நுழையும் அளவு. இட்லி நுழையாது. பிய்த்துப் பிய்த்துப் போட்டார்கள். அவள் இட்லியில்லை அது. மாவு புளிக்கவே இல்லை.

சவரிராயன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் பெட்டியருகே குனிந்தார். "அக்கா, உள்ள அடி விழுதா?"

"விழல. ஆனா தம்பி..."

அவர் மீதியைக் கேட்கவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே மனு எழுதப் போய்விட்டார். ஒரு வாரத்தில் நாடு முழுக்க ஒரே கோரிக்கை: எங்களுக்கும் பெட்டி வேண்டும்.

அரசவைத் தேர்தல் வந்தது. 'வீட்டுக்கொரு பெட்டி' என்றது ஆளுந்தரப்பு. எதிர்த்தரப்பு கொதித்தெழுந்து, துளையைப் பெரிதாக்கித் தருவோம் என்றது. கடைமுனைத் தெரு முழுக்கப் பெட்டிகள் வரிசையாக நின்றன. வெளியே நடமாடுகிறவர்கள் மட்டுமே போட்டியிடலாம் என்பது விதி என்பதால், சங்கிலிமுத்து ஒருவனே வேட்பாளர். மற்ற ஆறு பேரும் முன்மொழிந்தார்கள்.

தேர்தல் அதிகாரி மைக்குப்பியோடு பெட்டி பெட்டியாக வந்தார்.

"அம்மா, தங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கலாம்."

மங்கைத்தாய் அந்த ஒரு நொடிக்காகவே காத்திருந்தவள் போலத் துளை வழியே விரலை நீட்டினாள். தெருவுக்கு அந்தப் பக்கம், தன் பெயர்ப் பலகையை நேராகக் காட்டினாள்.

"அது என் கடை!"

அதிகாரி அவள் விரல் காட்டிய திசையைப் பார்த்தார். அங்கே சங்கிலிமுத்து உட்கார்ந்திருந்தான். அதிகாரி விரலில் மை வைத்தார்.

"வேட்பாளரைத் தெளிவாகச் சுட்டியிருக்கிறார். செல்லுபடியாகும் வாக்கு."

அவள் கண்ணாடியை உள்ளேயிருந்து குத்தினாள். உற்சாகம் என்று பதிவு செய்துகொண்டு அவர் அடுத்த பெட்டிக்கு நகர்ந்தார்.

சங்கிலிமுத்து வென்றான். வென்ற மறுநாள் தெருவில் நடந்து பார்த்தான். அடிப்பதற்கு வெளியே ஒருவரும் இல்லை. பெட்டிகளை உதைத்துப் பார்த்தான். கால் வலித்தது.

அதே நாளில் அரண்மனைத் தொட்டியிலும் எல்லா மீன்களும் பெட்டிக்குள் போயிருந்தன. பட்டத்து மீன் மட்டும் பாறைகளைச் சுற்றிச் சுற்றி வந்தது. "ஆகா, என்ன அமைதி!" என்று மன்னர் இரை போடத் தண்ணீரில் கைவிட்டார். பட்டத்து மீன் அவர் விரலைக் கடித்தது.

மன்னர் விரலைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, சிம்மாசனத்தில் சங்கிலிமுத்து உட்கார்ந்திருந்தான். படிகளில் ஆறு பேர்.

"நான் வந்தப்ப இந்த அரண்மனையே இல்ல, தெரியுமா?"

மன்னர் அமைச்சரைக் கூப்பிட்டார். "பராங்குசரே! இவனை வெளியே அனுப்பும்! ஒரே ஒரு ஆள்... அவ்வளவுதானே!"

பராங்குசர் பணிவாகக் குனிந்தார், சிம்மாசனத்தின் பக்கம். பிறகு மன்னரிடம் திரும்பிக் கண்கலங்கினார்.

"ஒருவரை அகற்றுவது வன்முறை, மன்னா. தங்கள் பாதுகாப்பே எங்கள் ஒரே கவலை."

மன்னரின் பெட்டியைக் கடைமுனைத் தெருவில், மங்கைத்தாயின் பெட்டிக்குப் பக்கத்திலேயே இறக்கினார்கள். அளவு எல்லாம் ஒன்றுதான். பூட்டும் ஒன்றுதான்.  மன்னர் துளையில் வாயை வைத்தார்.

"தாயே, இதற்குள் எப்படி இருக்கிறாய்?"

மங்கைத்தாய் தன் கடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலில் மை இன்னும் போகவில்லை.

"இருக்கலாம். எதைக் காட்டவும் விரலை மட்டும் வெளிய நீட்டிராதீங்க."