பெட்டியில் விழுந்ததெல்லாம் மருந்து

எல்லாம் அறிந்த கம்ப்யூட்டர் வந்துவிட்டதாம்! நோயைச் சொன்னால் போதும், மருந்தை அதுவே சொல்லிவிடுமாம். வாடகை மண்டபத்து வாசலில் விடிந்ததிலிருந்து வரிசை. கோட்டுப் போட்டு நடுவில் நின்றவரைப் 'பேராசிரியர்' என்றார்கள். எந்தப் பாடத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. கோட்டைப் பார்த்த பிறகு கேள்வி எதற்கு?

"குணமான பத்தாயிரம் பேரோட அனுபவம் இதுக்குள்ள இருக்கு!" என்று முழங்கினார் அவர்.

அந்த அனுபவம் சேர்ந்த வழி வாசலிலேயே இருந்தது. ஒரு தகரப் பெட்டி. எப்படிக் குணமானோம் என்று யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம். சாயங்காலம் அதை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவார்கள். எழுதியவருக்கு அந்த நோய் இருந்ததா, யாராவது சோதித்தார்களா? அதெல்லாம் நாத்திகன் கேட்கிற கேள்வி.

வரிசையில் ஒரு தச்சர், பக்கத்தில் ஆஸ்பத்திரி நர்ஸான அவர் தங்கை. தச்சருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, ஊசியில்தான் உயிர். முந்தாநாள் கம்ப்யூட்டர், "ஊசியை நிறுத்து, வெந்நீர் குடி" என்றது. இன்று காலை ஊசியைத் தொடாமல், அடுத்து என்ன செய்வது என்று கேட்க வந்துவிட்டார். தங்கை வழியெல்லாம் கெஞ்சிக்கொண்டே வந்தாள்.

"அண்ணே, கையெடுத்துக் கும்பிடுறேன், ஊசியப் போட்டுக்கோ."

"சும்மா இரும்மா! பத்தாயிரம் பேரைவிட உனக்குத் தெரியுமா?"

அவள் விறுவிறுவென்று முன்னால் போனாள். "ஐயா, சனிக்கிழமை மட்டும் வர்ற முழங்கால் வலிக்கு என்ன மருந்து?"

பேராசிரியர் தட்டினார். திரையில் வந்ததை உரக்கப் படித்தார்: "வீட்டுக் கதவுக்கு... விளக்கெண்ணெய் தடவவும்."

மண்டபம் திருதிருவென்று விழித்தது. அவர் சமாளித்தார். "ஆழமான பொருள்! உடம்பும் ஒரு வீடுதானே?"

கூட்டம் தலையாட்டியது. ஆட்டாமல் இருக்குமா?

"ஒரு பொருளும் இல்லீங்க. அந்தச் சீட்டை நேத்து நான்தான் மூணு கையெழுத்துல எழுதிப் பெட்டியில போட்டேன். எனக்கு முழங்கால் வலியே கிடையாது!"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாது!"

"சொல்லாது. நாம போட்ட பொய்யத் திருப்பித் தரும்."

தச்சர் தடுமாறினார். "ஊசிய நிறுத்திப் பொழைச்சவங்க எழுதியிருக்காங்களேம்மா?"

"நிறுத்தினவங்க இந்த மாசம் ரெண்டு பேர் எங்க வார்டுல செத்துட்டாங்க அண்ணே. அவங்க எப்படி வந்து சீட்டுப் போடுவாங்க?"

தச்சர் சட்டையை மடக்கிக் கையை நீட்டினார். அவள் பையிலிருந்து ஊசியை எடுத்தாள். பேராசிரியர் பின்வாசல் வழியாகக் கம்பி நீட்டினார்.

நாளைக்கே வேறு கோட்டில் இன்னொருவன் வருவான். வரிசையில் நிற்பதற்கு முன், "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். கேள்வி கேட்டதால் சர்க்கரை ஏறிச் செத்தவன் எவனும் இல்லை.