போனுக்குக் கட்டிய தொட்டில்

"வரிசையில நின்னது நானு! உன் பால் கேன் நின்னா நீ நின்னதா ஆயிடுமா?"

"கேனை வச்சப்போ விடியவே இல்லைக்கா! நீங்க அப்ப குறட்டை விட்டுட்டு இருந்தீங்க. சுவத்தைத் தாண்டி என் கோழியே முழிச்சுக்கிச்சு!"

"ஆமாடி, உன் கோழிக்குத்தான் என் குறட்டை கேக்கும். உன் புருஷன் ஓடிப்போன சத்தம் மட்டும் உனக்குக் கேக்கலை!"

இதற்குமேல் எழுதினால் நன்றாக இருக்காது. சால்கினும் பக்கத்து வீட்டு நாசிராவும் இப்படிக் கத்திக்கொண்டிருந்தது இமாஷ் வீட்டு நீலக் கதவுக்கு முன்னால். புதன்கிழமை காலை. பின்னால் அறுபது பேர். ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு தட்டு போர்சோக் என்ற பொரித்த மாவுத்துண்டு, ஆளுக்கு ஒரு முழம் வெள்ளைத் துணி, ஐந்நூறு சோம் பணம். எல்லாம் போனை அப்டேட் செய்வதற்கு. ஆமாம், போனைத்தான்.

அந்தச் சின்ன மலையூரில் இந்தக் கூத்து எப்படித் தொடங்கியது என்று கேட்டால், நாசிராவின் மைத்துனனைத்தான் கைகாட்ட வேண்டும். போன இலையுதிர் காலத்தில் அவனுடைய ஆண்ட்ராய்டு போன், புது அமைப்பு வந்திருக்கிறது, ஏற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டது. அவனும் சரி என்று அழுத்திவிட்டான். திரை கறுத்தது. பிறகு பச்சையாய் ஒரு பொம்மை தோன்றியது. பொம்மையின் வயிறு திறந்திருந்தது. வயிற்றுக்குள் என்னவோ சுழன்றது. மைத்துனன் "ஜின்னு!" என்று அலறிப் போனைச் சாணிக் குவியலில் வீசிவிட்டு ஓடினான். போன் செத்தது. சாணியில் மூன்று நாள் கிடந்தால் எதுவும் சாகும் என்று யாரும் சொல்லவில்லை. அப்டேட் கொன்றது என்றுதான் சொன்னார்கள்.

அடுத்த மாதம் இமாஷ் வந்து சேர்ந்தான். தலைநகரத்துச் சந்தையில் போன் உறை விற்றுக்கொண்டிருந்தவன். கடை படுத்துவிட்டது என்று கேள்வி. அவன் சொன்ன கதை வேறு: கனவில் வெள்ளைக் குதிரையில் ஒரு பெரியவர் வந்து நெற்றியைத் தொட்டாராம், கண் திறந்துவிட்டதாம். அன்றிலிருந்து ஊர் அவனைக் 'கண் திறந்தவர்' என்றது. பிறந்தபோதே திறந்திருந்த கண்தானே என்று கேட்க ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அப்டேட் ஆகுற போன் பச்சைக் குழந்தை மாதிரி தாயே. பழைய உயிரு போயி புது உயிரு வருது. குழந்தைக்குச் செய்யுறதை எல்லாம் செய்யணும்."

செய்தார்கள். வீட்டின் உள் அறையில், சுவரோரம், பூ வேலை செய்த மரத் தொட்டில் ஒன்று இருந்தது. இமாஷ் போனை அதில் கிடத்தி, குழந்தையைக் கட்டுவதுபோல் பட்டைத் துணியால் கட்டி, மேலே ஏழு போர்வை போர்த்துவான். மலையிலிருந்து வந்த அர்ச்சா மரச் சுள்ளியைக் கொளுத்தி, "அலாஸ், அலாஸ்" என்று ஓதியபடி புகையோடு மூன்று சுற்றுச் சுற்றுவான். போர்வைக்குள் கையை விட்டு வெகுநேரம் துழாவுவான். முதலில் மறக்காமல் கடவு எண்ணைக் கேட்டுக்கொள்வான். ஜின்னுக்குக் கதவு திறக்கத் தெரியாதாம். ஒரு மணி நேரம் தாலாட்டு. பிறகு எடுத்தால் போன் புதுசாய்ப் பளபளக்கும்.

வீட்டுக்குப் போனபின் நாற்பது நாள் அந்நியர் கண்ணில் போனைக் காட்டக்கூடாது. நாற்பது வீட்டில் துணித்துண்டு வாங்கி அதற்குச் சட்டை தைக்க வேண்டும். கடைசி நாளில் குழந்தைக்கு நாற்பது கரண்டித் தண்ணீர் ஊற்றுவோமே, அதைப் போனுக்குச் செய்யக்கூடாது என்று மட்டும் இமாஷ் சொல்ல மறந்துவிட்டான். லாரி ஓட்டும் ஒஸ்மோன் செய்தான். பதினேழாவது கரண்டியில் போன் அணைந்தது.

"எண்ணும்போது எங்கேயோ தப்பு விட்டிருக்க" என்றான் இமாஷ்.

"ஆமாண்ணே, பன்னெண்டை ரெண்டு தடவை சொல்லிட்டேன்னு நெனைக்கிறேன்" என்று ஒஸ்மோன் மன்னிப்புக் கேட்டுவிட்டு, புதுப் போன் வாங்கி, மறுபடி வரிசையில் நின்றான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொட்டிலிலிருந்து திரும்பிய போன்களில் கல்யாண வீடியோக்கள் காணாமல் போயிருக்கும். கேட்டால், ஜின் எடுத்துக்கொண்ட கூலி என்பான். ஜின்னுக்கு நம் கல்யாண நடனம் எதற்கு என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

சால்கினுக்கு இதில் பெரிய நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது. பயம் இருந்தது. அவள் கணவன் கசிம் இரண்டு குளிர்காலத்துக்கு முன் இறந்துபோனான். கோடையில் குதிரைகளோடு மேய்ச்சல் மேட்டில் கிடந்தபோது அவன் அனுப்பிய குரல் செய்திகள் முப்பத்தொன்று அவளுடைய போனில் இருந்தன. ஒன்றிலாவது ஒரு நல்ல வார்த்தை கிடையாது. முப்பத்தொன்றும் திட்டு. கதவைச் சாத்தினாயா, கன்றை ஏன் அவிழ்த்துவிட்டாய், போன தடவை அனுப்பிய ரொட்டியில் உப்பே இல்லை. தினமும் மாவு பிசையும்போது அவள் அதைப் போட்டுக் கேட்பாள், ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுவாள். உயிரோடு இருந்தபோது கடைசி வார்த்தை எப்போதும் அவனுடையது. இப்போதுதான் அவளுடையது.

அந்தக் குரல்கள் இருந்த ஆப், பழைய ஆண்ட்ராய்டில் ஞாயிற்றுக்கிழமைக்குமேல் ஓடாது என்று அறிவிப்புக் காட்டிக்கொண்டே இருந்தது. ஏற்றாவிட்டால் கசிம் ஞாயிறோடு ஊமை. ஏற்றினால் ஜின்னுக்குக் கூலி. அதனால்தான் பால் கேனோடு சண்டை.

சண்டையில் வென்றது குறட்டை. சால்கின் முதலில் உள்ளே போனாள். நாசிராவும் கூடவே நுழைந்தாள். வேடிக்கை பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. அறுபது பேரும் ஜன்னலில் முகத்தை ஒட்டினார்கள்.

இமாஷ் கடவு எண்ணை வாங்கிப் போனைத் திறந்தான். கண்ணை மூடினான். ஒரு கண்ணைத்தான்.

"தாயே… உள்ள ஒரு ஆம்பளை இருக்கான்."

"நான் அப்பவே நெனைச்சேன்!" என்றாள் நாசிரா.

"செத்தவன். வாயாடி. முப்பத்தோரு தடவை பேசியிருக்கான்."

ஜன்னலில் அறுபது வாய்கள் பிளந்தன. எப்படிச் சரியாகச் சொன்னார்! திரையில் எழுதியிருந்தது என்று போன் பாவம் சொல்லத் தெரியாமல் கிடந்தது.

"பழைய உயிரு உள்ள உக்காந்திருந்தா புது உயிருக்கு ஏது இடம்? இவனைத் தொடைச்சு எடுத்துடறேன்."

"தொடைக்கிறதா?" சால்கின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அந்த மனுஷன் பூட்ஸ்ல இருந்த சேத்தையே தொடைக்க விட்டதில்லை! இடம் வேணும்னா என் தங்கச்சி பொண்ணு கல்யாணத்தைத் தொடைங்க. அது எப்படியும் விளங்கலை."

"ஜின்னு கேக்குறது இவனைத்தான் தாயே. இல்லைன்னா போனு செத்துடும். நான் பொறுப்பில்லை."

சால்கின் போனைப் பார்த்தாள், தொட்டிலைப் பார்த்தாள். நாசிரா, "குடுத்துடுங்கக்கா, திட்டுறவன் போனா நிம்மதிதானே" என்றாள். உண்மையாகவே நல்ல எண்ணத்தில்தான்.

அப்போது கொல்லைப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள் ரக்கியா. ஊரின் கால்நடை மருத்துவர். இமாஷின் பசுவுக்குத் தடுப்பூசி போட வந்தவள். தொழுவத்தில் நின்றே எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். ஒரு கையில் ஊசி, முழங்கை வரை ஈரம்.

"ஏன்யா இமாஷ், உன் பசுவுக்கு மட்டும் ஊசி கேக்குற. அதையும் தொட்டில்ல போட்டு ஆட்டறதுதானே?"

"டாக்டரம்மா, இது வேற விஷயம். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"புரியலைதான். அதனாலதான் கேக்குறேன். ஒரு புது மருந்து வந்தா நான் பாதி ஆட்டுக்குப் போடுவேன், பாதி ஆட்டுக்குப் போடமாட்டேன். எது பொழைக்குதுன்னு பாத்தாத்தானே மருந்தா தண்ணியான்னு தெரியும்? இவங்க ரெண்டு பேரு போனும் ஒண்ணுதானே?"

ஒன்றுதான். சால்கின் வாங்கிய மறுநாளே, அதே கடையில், அதே நீல நிறத்தில் நாசிரா வாங்கியிருந்தாள். தற்செயல் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நாசிரா போனு உன் தொட்டில்ல. இவங்க போனு என் கையில, புகையில்லாம. ரெண்டும் எல்லாரும் பாக்குற மாதிரி முற்றத்துல. என்ன சொல்ற?"

"தொட்டிலை நகர்த்தக்கூடாது!" இமாஷ் குரல் கீச்சிட்டது. "வெயில் பட்டா ஜின்னு ஓடிடும்."

"எங்க வீட்டுல ஒன்பது பேரும் வெயில்ல போட்ட தொட்டில்ல வளர்ந்தவங்கதான்யா" என்றான் ஜன்னலிலிருந்து ஒஸ்மோன். கூட்டம் சிரித்தது. சிரித்த கூட்டத்தை நிறுத்துவது கஷ்டம். நான்கு பேர் உள்ளே வந்து தொட்டிலைத் தூக்கினார்கள்.

தொட்டில் இரண்டடி நகர்ந்தது. அப்புறம் நகரவில்லை. அடியிலிருந்து கறுப்பாய் ஒரு கயிறு இழுத்துப் பிடித்தது. இன்னொரு இழுப்பு. சுவரோரத் தரைவிரிப்புக்குக் கீழிருந்து சார்ஜர் ஒன்று பிய்த்துக்கொண்டு வந்தது. தொட்டிலின் நடுவில், குழந்தை மூத்திரம் போக ஓட்டை ஒன்று இருக்குமே, அதன் வழியாக ஒயர் மேலே ஏறியிருந்தது. ஓட்டைக்குக் கீழே மூத்திரச் சட்டி. அது சாய்ந்து விழ, உள்ளிருந்து உருண்டு வந்தது ஒரு வைஃபை பெட்டி. பச்சைக் கண்களைச் சிமிட்டிக்கொண்டே.

ஜன்னலில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தார்கள்.

"இதுதான் ஜின்னா?" என்றாள் நாசிரா மெல்ல.

இத்தோடு கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். ஊர் அவ்வளவு லேசில் விடாது. "அந்த ஒயருக்கே சக்தி இருக்கலாம்" என்றது பின்னாலிருந்து ஒரு கிழக்குரல். பலர் தலையாட்டினார்கள். ஒருத்தி ஒயரைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

ரக்கியா பெருமூச்சு விட்டாள். "சரி. தொட்டிலும் புகையும் அவனுக்கு. ஒயரும் வைஃபையும் எனக்கு. ஆரம்பிப்போம்."

முற்றத்தில் ஒரு பக்கம் தொட்டில். நாசிராவின் போன் ஏழு போர்வைக்குள். இமாஷ் சுற்றினான். "அலாஸ், அலாஸ்." குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. மறுபக்கம் தீவன மூட்டை மேல் சால்கினின் போன்.

"முதல்ல கசிம் அண்ணனைப் பத்திரப்படுத்துவோம்" என்ற ரக்கியா, முப்பத்தொன்றையும் ஒரு மெமரி கார்டில் பிரதி எடுத்து, கார்டைக் கழற்றிச் சால்கினின் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இனி போனு எரிஞ்சு போனாலும் அண்ணன் உங்களைத் திட்டுவாரு." பிறகு போனைச் சார்ஜில் போட்டாள். இடம் போதவில்லை என்றது. தங்கச்சி பெண்ணின் விளங்காத கல்யாண வீடியோவையும் தன் போனுக்கு அனுப்பி வைத்துவிட்டு, சால்கினைக் கேட்டுத்தான் அழித்தாள். இமாஷின் வைஃபையிலேயே இணைத்தாள். யாரோ அனுப்பிய இணைப்பு எதையும் தொடவில்லை. போனின் அமைப்புகளுக்குள் போய், அங்கேயே அப்டேட்டைக் கேட்டு வாங்கினாள்.

அரை மணி கழித்துத் திரை கறுத்தது. பச்சைப் பொம்மை வந்தது. வயிறு திறந்திருந்தது.

"ஜின்னு!" நாசிராவின் மைத்துனன் வேலி ஏறினான். கூட்டம் பின்வாங்கியது. இரண்டு பேர் போனைத் தட்டிவிடப் பாய்ந்தார்கள்.

"தொட்டீங்கன்னா இந்த ஊசியை உங்களுக்குப் போடுவேன்" என்றாள் ரக்கியா. "வேலை நடக்குது. நடுவுல அணைச்சாத்தான் சாகும். சும்மா இருங்க. அவ்வளவுதான் மந்திரம்."

சும்மா இருப்பது அந்த ஊருக்குப் பழக்கமில்லாத வேலை. இருந்தாலும் இருந்தார்கள். போர்சோக் காலியானது. சால்கின் மெமரி கார்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொம்மை போனது, எழுத்துகள் வந்தன, திரை விழித்துக்கொண்டது. அவள் ஆப்பைத் திறந்து முதல் செய்தியைத் தொட்டாள்.

"சால்கின்! கதவைச் சாத்துனியா இல்லையா? உன் மூளையை மாடு மேஞ்சிடுச்சா?" என்று முற்றம் முழுக்கக் கேட்கும்படி கத்தினான் கசிம்.

"சாத்தியாச்சுய்யா, சாத்தியாச்சு! மேட்டுல உக்காந்துக்கிட்டு ஊரைக் கூட்டாத!" என்றாள் சால்கின். கண் துடைத்துக்கொண்டது புகையால் என்று சொன்னாள். புகை எதிர்ப்பக்கம்தான் போய்க்கொண்டிருந்தது.

ஏழு போர்வையை நாசிரா விலக்கினாள். அவள் போனில் பதினொரு சதவீதம் சார்ஜ் இருந்தது, இடமில்லை என்ற அறிவிப்பு இருந்தது, அர்ச்சா வாசனை இருந்தது. புது அமைப்பு மட்டும் இல்லை.

"அப்ப என் மக கல்யாண வீடியோ?" அவள் இமாஷை நெருங்கினாள். "போன மாச அப்டேட்டுக்கு ஜின்னு எடுத்துக்கிச்சுன்னியே?"

"இடம் வேணும்ல…" என்றார் கண் திறந்தவர்.

பிறகு நடந்ததில் போர்சோக் தட்டுகளின் பங்கு அதிகம். ஐந்நூறு சோம்களைத் திருப்பி வாங்கியவர்கள் உண்டு. வெட்கப்பட்டு வாங்காமல் போனவர்கள்தான் அதிகம். தாம் ஏமாறவில்லை, கூட்டத்தைப் பார்க்கப் போனோம் என்று இன்றும் சொல்கிறார்கள்.

இமாஷ் வீட்டிலிருந்த ஒயரைக் கழற்ற வந்த மின்வாரியத்து மனிதனை நாசிரா வசந்தத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அந்தக் கல்யாண வீடியோ மூன்று இடத்தில் பத்திரமாக இருக்கிறது. ரக்கியா மாற்றலாகி ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டாள். இமாஷ் கணவாய்க்கு அப்பால் ஓர் ஊரில் குடியேறி, துணி துவைக்கும் இயந்திரங்களுக்குப் பேய் ஓட்டுகிறானாம்; வரிசை பெரிது என்கிறார்கள். அங்கிருப்பவர்களும் நம்மைப்போல, ஆடு வாங்கும்முன் அதன் வாயைப் பிளந்து பல்லை எண்ணுகிறவர்கள்தாம். ஆட்டின் வாயை மட்டும் பார்க்கிறோம். விற்கிறவன் வாயிலிருந்து வருவதை எண்ணிப் பார்க்க ஐந்நூறு சோம்கூடத் தேவையில்லை.