கார்த்தியின் விரலைக் கழுவியது யார்?

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு சந்தேகப் பிராணி. பால்காரர் சிரித்தால் இன்றைக்குத் தண்ணீர் கூடுதல் என்று நினைப்பேன். கணவர் தானாகப் பாத்திரம் தேய்த்தால் (இதுவரை இரண்டு முறை) எதை உடைத்தார் என்று தேடுவேன். இப்படிப்பட்டவளுக்கு விரல் சூப்பும் பிள்ளை பிறந்தால் வீடு என்ன ஆகும்?

கார்த்திக்கு அப்போது நாலு வயது. சாப்பிடும் நேரம் தவிர வலது கட்டைவிரல் வாயில்தான். பல் டாக்டர் பார்த்துவிட்டு, "முன்பல்லு லேசா வெளிய தள்ளுதும்மா, மெதுவா நிறுத்தப் பாருங்க" என்றார். அந்த 'மெதுவா' மட்டும் என் காதில் ஏறவில்லை. பல் தூக்கிக்கொண்டால் ஊர் அப்பனையா சொல்லும்? பெத்தவளைத்தான் சொல்லும்.

மறுநாளே பாகற்காயைத் துருவிப் பிழிந்தேன். தினமும் காலையில் சாற்றை அவன் விரலில் தடவி, இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் என் நாத்தனார் வீட்டில் விடுவேன். கணவர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், அதனால் நாத்தனார் எனக்கு வதினா. அரக்கோணத்தில் ஜவுளிக்கடை வேலைக்குப் போய் நான் ரயிலில் திரும்பும்வரை பிள்ளை அவரிடம்தான்.

ஒருநாள் குடையை மறந்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் வதினா வீட்டுக்குத் திரும்பினேன். கார்த்தியின் விரல் வாயில், முகத்தில் சிரிப்பு. பிடுங்கி நக்கிப் பார்த்தேன் (பெத்த பிள்ளைதானே, சிரிக்காதீர்கள்). துளிக் கசப்பில்லை!

ஆக, வதினாதான் கழுவிவிடுகிறார். பிள்ளையைத் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார். அடுத்த வாரமே ரப்பர் நிப்பிள் ஏதும் ஒளித்து வைத்திருக்கிறாரா என்று அவர் வீட்டு அரிசி டப்பாவுக்குள் முழங்கைவரை விட்டுத் துழாவினேன்.

"இன்னாமே தேடிக்கினு இருக்கிற?" என்றார் பின்னாலிருந்து.

"வண்டு இருக்குதான்னு பாத்தேன் வதினா."

முருகனுக்கு வேண்டிக்கொண்ட மொட்டைக்கு நாள் வந்தது. மலைக்குக் கிளம்பும்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றைக்கு வதினாவைக் கையும் களவுமாகப் பிடிப்பது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில், அதாவது என் தம்பி சுரேஷ் மடியில், உட்காரவைத்ததும் பாகற்காய்ச் சாறு பாட்டிலைத் திறந்து விரலில் மூன்று முறை தடவினேன்.

பாதித் தலை முடி ஒழுங்காக இறங்கியது. அப்புறம்தான் பயல் விரலை வாயில் வைத்தான். ஐயோ, அந்த அலறல்! தலையை இப்படியும் அப்படியும் உதறினான். மொட்டை போடுகிறவர் கத்தியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"யம்மா, ரத்தம் வந்தா யாரு பதில் சொல்றது? அடக்கினு வாங்க, அப்பால போடுறேன்."

பாதி மொட்டையோடு வீட்டுக்குத் திரும்ப முடியுமா? அந்த நேரம் பார்த்து வதினா தண்ணீர் பாட்டிலும் கையுமாகக் குனிந்தார். பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தேன்.

"மாட்டிக்கினீங்களா! தினமும் நீங்கதானே கழுவி விடுறீங்க? எம்புள்ள பல்லு போனா உங்களுக்கு இன்னா சந்தோசம்?"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அந்த இடைவெளியில் கார்த்தி மாமன் மடியிலிருந்து நழுவி ஓடிவந்தான். என் முந்தானையைப் பிடித்து விரலை முன்னும் பின்னும் அழுத்தித் துடைத்தான். வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றுமே நடக்காதவன்போல் மறுபடி மாமன் மடியில் போய் உட்கார்ந்தான்.

"ஆங், இதான் தினமும் நடக்குது" என்றார் வதினா. "உன் இடுப்புல வரசொல்லவே முந்தானையில தொடச்சுக்கினுதான் வரான்."

"பொய்!"

"நாக்குல வெச்சுப் பாரு."

அப்போதும் நான் நம்பவில்லையே! முந்தானை நுனியை வாயில் வைத்தேன். சந்தேகம் தீரும்வரை நன்றாகச் சப்பினேன். பச்சைக் கசப்பு. 'க்ளிக்' என்று சத்தம் கேட்டது. போனை நீட்டிக்கொண்டு சுரேஷ் பல்லைக் காட்டினான்.

"ஏன் வதினா எங்கிட்ட சொல்லல?"

"நீ எங்க நின்ன? புள்ளய எறக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கினு போய்ட்ற." அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், நாக்கு கசப்பில் ஒட்டிக்கொண்டது. பாட்டிலை என் கையில் திணித்து, "மொதல்ல தண்ணியக் குடி" என்றார். பிறகு அவரே பிள்ளையின் தலையைத் தாங்கிப் பிடிக்க, விரல் வாயில் இருக்க, மீதி மொட்டை அமைதியாக முடிந்தது.

பள்ளியில் சேர்ந்த சில மாதங்களில் கார்த்தி அந்தப் பழக்கத்தைத் தானாக விட்டுவிட்டான். இப்போது ஆறாம் வகுப்பு. சுரேஷ் எடுத்த படம் வதினா வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. விரல் சூப்பும் பாதி மொட்டைப் பையன், பக்கத்தில் கண்ணை மூடி முந்தானை சூப்பும் நான். வருகிற விருந்தாளிகள், "நீ சின்ன வயசுல வெரல் சூப்புவியாமே?" என்று அவனைக் கிண்டல் செய்தால், படத்தைக் காட்டிச் சொல்கிறான்:

"நான் எப்பவோ வுட்டுட்டேன். எங்கம்மாவைக் கேளுங்க."