எடிட் செய்யாத உத்தமர்

தாம்பரத்துக்குத் தெற்கே அடுக்குமாடிகளோடு சேர்ந்து பெருகிவரும் உயிரினங்களில் இன்று நாம் பார்க்கப்போவது, எடிட் செய்யாத உத்தமர். கொசுவைப் போல இவர் எல்லாப் பருவத்திலும் கிடைப்பார்; முகூர்த்த நாட்களில் கொஞ்சம் அதிகம். கழுத்தில் கேமரா, தோளில் ஒரு பை, அந்தப் பைக்குள் இன்னொரு பை, முகத்தில் மனிதர்கள் எல்லாரும் சற்று விலகி நின்றால் இந்த உலகம் எவ்வளவு நன்றாக இருக்கும் என்கிற ஏக்கம். அடையாளம் காண இது போதும். போதாதென்றால் பக்கத்தில் போய், "போட்டோ சூப்பர் சார், எந்த ஆப்ல எடிட் பண்ணீங்க?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு உடனே பின்னால் வந்துவிடுங்கள்.

"எடிட்டா? நானா?"

அவ்வளவுதான். படம் என்றால் கேமராவிலேயே வர வேண்டும், வெளிச்சத்தைப் பார்க்கத் தெரியாதவன்தான் கம்ப்யூட்டரைத் தேடுவான், வானத்தை நீலமாக்கிக் கன்னத்தை வெள்ளையாக்கிக் குப்பைத் தொட்டியை அழித்து விற்பவனெல்லாம் போட்டோகிராபரா பெயின்டரா, அந்தக் காலத்தில் ஃபிலிம் போட்டு எடுத்தவர்கள் என்ன எடிட் செய்தார்கள் என்று அவர் தொடங்குவார். உங்கள் டீயில் ஆடை படியும். அவர் நிறுத்த மாட்டார்.

நமக்குக் கிடைத்திருக்கும் மாதிரியின் பெயர் இளமாறன். வேலை சிறுசேரியில், ஒரு பெரிய மென்பொருள் வளாகத்தில். அங்கே அவர் செய்வது என்ன தெரியுமா? அடுத்தவர் எழுதி வைத்ததில் தப்பைக் கண்டுபிடித்துத் திருத்துவது. திங்கள் முதல் வெள்ளி வரை திருத்துவதுதான் பிழைப்பு. சனி, ஞாயிறு மட்டும் அது பாவம். ஃபேஸ்புக்கில் அவர் போடும் ஒவ்வொரு படத்தின் கீழேயும் "கேமராவிலிருந்து நேராக, எந்தத் திருத்தமும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். படத்தைவிட அந்த வரியைத்தான் அவர் அதிக நேரம் எடுத்துக்கொண்டு யோசித்திருப்பார்.

படத்தில்தான் கை வைக்க மாட்டார். மற்ற எல்லாவற்றிலும் வைப்பார்.

கோவளம் கடற்கரையில் ஒருநாள் விடியற்காலையில் மீன் விற்கும் கங்கம்மாவைப் பிடித்துக்கொண்டார். கூடையை இடப்பக்கம் நகர்த்தச் சொன்னார். தலையில் போட்டிருந்த துண்டை எடுக்கச் சொன்னார். வஞ்சிரத்தை மேலே வைத்து, சங்கராவைக் கீழே தள்ளி, மீன்களின் தலையெல்லாம் கடலைப் பார்க்கும்படி அடுக்கச் சொன்னார்.

"இன்னா சார், மீன சிரிக்கச் சொல்லட்டா?" என்றாள் கங்கம்மா. "வாங்கறதுன்னா வாங்கு. இல்லாங்காட்டி வெளிச்சத்த வுடு. நீதான் மறைச்சிகினு கீற."

எடிட் செய்கிறவன் என்ன செய்கிறான்? படத்தை எடுத்த பிறகு, யாருக்கும் தொந்தரவில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து குப்பைத் தொட்டியை அழிக்கிறான். இளமாறன் குப்பைத் தொட்டியையே தூக்கிக்கொண்டுபோய் அடுத்த தெருவில் வைக்கிறார். இதில் எது நேர்மை? அவரைக் கேட்காதீர்கள். அடுத்த தெருக்காரரைக் கேளுங்கள்.

இதுவரை சேதம் மீனோடும் குப்பையோடும் நின்றது. பிறகு பெருங்களத்தூரில் கனகவல்லி வீடு வாங்கினாள்.

கனகவல்லி, இளமாறனின் மனைவி சத்யப்ரியாவுக்கு அக்கா. ஆறாவது மாடியில் புது ஃபிளாட்; திங்கட்கிழமை காலையில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார்கள். ஏழரைக்கு ராகுகாலம். அதற்குள் பால் பொங்கிவிட வேண்டும். கனகவல்லியின் கணவர் ஒரு ஸ்டுடியோக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். செய்தி காதில் விழுந்ததும் இளமாறன் போன் போட்டார்.

"வேணாம்னு சொல்லிடுங்க சகலை. அவனுங்க எதுவா இருந்தாலும் எடிட்ல பாத்துக்கலாம்பானுங்க. நான் லீவு போட்டுட்டு வரேன்."

போனை வாங்கிக் கனகவல்லி பேசினாள். "எனக்கு ஒரே ஒரு போட்டோ போதும் தம்பி. பால் பொங்கறப்ப துரை என் பக்கத்துல நிக்கணும். அது மட்டும் நல்லா வந்துடணும்."

துரை இந்த அக்கா தங்கை இருவருக்கும் தம்பி. ஊரப்பாக்கத்தில் இருக்கிறான், ஏசி மெக்கானிக். கனகவல்லியின் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போய்விட்டது. அச்சடித்தவர் விட்டாரா, எழுதிக் கொடுத்த சகலை விட்டாரா என்பது இன்றுவரை முடிவாகவில்லை. சித்தப்பாக்கள் பெயர் இருந்தது. எங்கோ துபாயில் இருப்பவர் பெயர்கூட இருந்தது. தாய்மாமன் மட்டும் இல்லை. அன்றிலிருந்து துரை அக்காவிடம் பேசவில்லை. இந்த முறை கனகவல்லியே தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் புதுத்துணியும் வைத்து எடுத்துக்கொண்டு ஊரப்பாக்கம் போய், அவன் வாசலில் நின்று அழைத்தாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

வந்தான். பொழுது விடிந்து கொஞ்ச நேரத்தில், கிளிப்பச்சையில் கண்ணைப் பறிக்கும் ஒரு சட்டையும், பிறந்த வீட்டுச் சீராக, முகம் பார்த்துத் தலை வாரிக்கொள்ளலாம் போலப் பளபளக்கும் ஓர் எவர்சில்வர் குண்டானுமாக லிஃப்டிலிருந்து இறங்கினான். கனகவல்லி குண்டானை வாங்கிக் குங்குமம் வைத்துப் பாலை ஊற்றினாள். சத்யப்ரியா மூக்கை உறிஞ்சினாள். வீடே லேசாக மூச்சு விட்டது.

இளமாறன் இதில் எதையும் பார்க்கவில்லை. அவர் சமையலறையில் கிழக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன வெளிச்சம்! பன்னீர் தெளித்த மாதிரி வெளிச்சம். இந்த வெளிச்சத்துக்கு உள்ளே இவ்வளவு சாமான்கள் எதற்கு, இவ்வளவு சொந்தக்காரர்கள்தான் எதற்கு? வேலையை ஆரம்பித்தார். மாவிலைத் தோரணத்தை ஒதுக்கினார். காஸ் டியூபின் மேல் துண்டைப் போட்டார். ஒரு பெரியம்மாவை பால்கனிக்கு அனுப்பினார். சகலையின் கைக்கடிகாரத்தைக் கழற்ற வைத்தார். பிறகு அவர் கண் துரையின் மேல் விழுந்தது.

"மச்சான், தப்பா எடுத்துக்காத. கொஞ்சம் தள்ளி நில்லு."

"இன்னாத்துக்கு மாமா?"

"உன் சட்டை. வெளிச்சம் அதுல பட்டு அக்கா முகமெல்லாம் பச்சையா அடிக்குது."

"ஏன், சட்டையில லைட்டா கீது?"

எல்லாரும் சிரித்தார்கள். துரையும் சிரித்தான். சிரித்துக்கொண்டே நகர்ந்தான். "இங்க ஓகேவா?" இன்னும் கொஞ்சம். "இங்க?" இன்னும் கொஞ்சம். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாய்மாமன் சமையலறை வாசலைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, செருப்பு விடும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தான். அங்கே நின்றபோது அவன் சிரிக்கவில்லை என்பதைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை.

இளமாறன் சமையல் மேடையின் மூலையில் ஏறிக் குந்தினார். அங்கிருந்து பார்த்தால் கனகவல்லியின் முகத்தில் வெளிச்சம் பாதி, நிழல் பாதி, அற்புதம். ஆனால் நடுவில் அந்தக் குண்டான். அதன் வயிற்றில் ஜன்னல் முழுசாகத் தெரிந்தது. ஜன்னலுக்குப் பக்கத்தில், தவளை மாதிரி குந்திக்கொண்டு, தொந்தியின் மேல் கேமராவை ஏற்றி வைத்துக்கொண்டு ஓர் ஆள் தெரிந்தான். அது யாரென்று புரிய இளமாறனுக்குச் சிறிது நேரம் பிடித்தது.

வேறொருவராக இருந்தால் படத்தை எடுத்துவிட்டு, சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து அந்தத் தவளையை அழித்திருப்பார். நம் ஆள் உத்தமர் அல்லவா? குண்டானை மாற்றினார். பக்கத்து ஃபிளாட்டிலிருந்து கறுத்துப்போன ஓர் அலுமினியப் பாத்திரம் வந்தது. அதில் எதுவும் தெரியாது. பால் இடம் மாறியது. காலிக் குண்டானை எங்கே வைப்பது? தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்ற துரையின் கையிலேயே கொடுத்தார்.

"இதைக் கொஞ்சம் பிடி மச்சான். ஃபிரேம்ல இடிக்குது."

துரை குண்டானைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மாமா ஏற்கெனவே மேடை ஏறப் போய்விட்டார்.

கனகவல்லி அடுப்பைப் பற்ற வைத்தாள். பால் சூடேறத் தொடங்கியதும் திரும்பினாள். "துரை எங்க?"

ஹாலில் குண்டான் மட்டும் இருந்தது. செருப்புகளுக்கு நடுவே.

அவள் அடுப்பை அணைத்தாள்.

"ஏன் அக்கா அணைச்சிட்டீங்க? ஆவி இப்பத்தான் அழகா வந்துச்சு," என்றார் மேடைமேல் இருந்தவர்.

"பத்திரிகையில பேரு விட்டதுக்கே ரெண்டு வருஷம் பேசல. இன்னிக்கு ஆளையே விட்டுட்டீங்களா? அவன் வராம இந்த அடுப்பு எரியாது."

"மணி ஏழு தாண்டிடுச்சு. ராகுகாலம்..." என்றார் சகலை.

"வரட்டும். யார் யாரோ வராங்க, ராகுகாலமும் வரட்டும்."

சத்யப்ரியா கணவரின் கையைப் பிடித்து மேடையிலிருந்து இறக்கினாள். "நீங்கதானே தள்ளிவிட்டீங்க? நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க. அவன் வரலன்னா, அந்தக் கேமராவும் நம்ம வீட்டுக்கு வராது."

லிஃப்டில் இறங்கும்போது இளமாறனுக்கு உலகத்தின் மீது வருத்தம் பொங்கியது. நேர்மையாக ஒரு படம் எடுக்க ஆசைப்பட்டது குற்றமா? கீழே துரை வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தான். தூணுக்கு நடுவில் விழுந்த வெயில் அவன் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் பட்டது. கோபத்தில் தாடை இறுகியிருந்தது. அருமையான முகம். இளமாறனின் விரல் தானாகக் கேமராவைத் தேடிப் போய், நல்லவேளையாக, நின்றது.

"மச்சான், சாரிடா. வா, மேல போலாம்."

"நவுரு மாமா, வண்டி எடுக்கணும்."

"அக்கா அடுப்பை அணைச்சிட்டு உக்காந்திருக்கா."

துரை வண்டியை ஸ்டாண்ட் போட்டான். "இந்தக் கலரு நானா எடுத்தேன்னு நெனச்சிகினு கீறியா? அக்கா தாம்பாளத்துல வெச்சுக் குடுத்தது. காலைல போட்டுகினு கண்ணாடில பாத்தா எனக்கே பேஜாராப் பூடுச்சு. என் பொண்ணு, அப்பா வேணாம்பான்னு சிரிக்குது. அக்கா குடுத்ததாச்சேன்னு போட்டுகினு வந்தேன். நீ இன்னாடான்னா என்னிய செருப்பாண்ட நிக்க வெச்சு, குண்டானையும் கையில குடுத்து, தொரத்தி வுட்டுட்ட."

இளமாறன் சுற்றுமுற்றும் பார்த்தார். வாட்ச்மேனைத் தவிர யாரும் இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்நாளில் சொல்லாத அந்தச் சொற்களைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"நீ வா. சட்டையை எடிட்ல பாத்துக்கலாம்."

"சட்டைய இன்னா பாக்கறது? அக்கா குடுத்தது இந்தக் கலர்லதான் வரணும்."

ஆளையும் நகர்த்தக் கூடாது, படத்தையும் மாற்றக் கூடாது. இப்படியொரு நிலைமை புகைப்படக்கலையில் இருப்பதே இளமாறனுக்கு அன்றுதான் தெரிந்தது.

"சரி. வரட்டும்."

"குண்டானு?"

"அதுவும்."

பால் மறுபடி குண்டானுக்கு வந்தது. கனகவல்லி அடுப்பைப் பற்ற வைத்தாள். அவள் தோளை இடித்துக்கொண்டு கிளிப்பச்சை நின்றது. பால்கனிப் பெரியம்மா உட்பட எல்லாரும் உள்ளே வந்து நெருக்கியடித்தார்கள். சகலை சுவர்க்கடிகாரத்தையே பார்த்தார். பால் ஆடை கட்டியது, நெளிந்தது, எழுந்தது, குண்டானின் விளிம்பைத் தாண்டி வழிந்து அடுப்பையே அணைத்தது. ஏழரைக்குச் சற்று முன்னால்.

இளமாறன் எடுத்தார். கனகவல்லியின் கன்னம் பச்சை. பெரியம்மாவின் மூக்குக்கண்ணாடி பச்சை. துரை கேமராவைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தான். அக்கா பாலைப் பார்க்கவில்லை, வாய் நிறையச் சிரித்தாள். குண்டான் வயிற்றில், பொங்கி வழியும் பாலுக்குக் கீழே, தவளை.

வீட்டுக்குப் போய் ஏதாவது செய்யலாம் என்று அவர் ரகசியமாக நினைத்திருந்தார். ஆனால் இலையில் இட்லி விழும்போதே சத்யப்ரியா கேமராவை வாங்கி அந்தப் படத்தை அக்காவின் போனுக்கு அனுப்பிவிட்டாள். இப்போது அது பெரிதாக, சட்டம் போட்டு, கனகவல்லி வீட்டு ஹாலில் தொங்குகிறது. வருகிறவர்கள் முதலில் துரையைக் காட்டி யாரென்று கேட்கிறார்கள். அடுத்து, "யாருங்க இது, குண்டானுக்குள்ள?"

"எங்க தங்கச்சி வீட்டுக்காரர்."

போன மாதம் இளமாறன் தாங்கமுடியாமல் கனகவல்லியைத் தனியாக அழைத்தார். "அக்கா, ரெண்டே நிமிஷம். அந்தக் குண்டான்ல இருக்கறவனை மட்டும் எடுத்துடறேன்."

"எடுக்கறதுன்னா?"

"எடிட்ல," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"வேணாம் தம்பி," என்றாள் கனகவல்லி. "எங்க வீட்டு விசேஷத்துல இனிமே யாரையும் எடுக்கறதா இல்ல."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் கேமராவே இல்லை, ஒரு போன்தான் இருக்கிறது. இருக்கட்டும். கடைசியாகப் போன விசேஷத்தில், எல்லாரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தபோது, ஓரத்தில் நின்ற ஒருவரைப் பார்த்துப் புறங்கையை லேசாக வீசினீர்களே, அவர் யார்? ஞாபகம் வரவில்லையா? படத்தை எடுத்துப் பார்த்துப் பிரயோஜனமில்லை. அதில்தான் அவர் இல்லையே.