ஏ.எம்.சி. அண்ணாச்சியும் கலங்கிய வலது ஓரமும்

சிவகாசியில் வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படித்த மனிதர் ஒரே ஒருவர்தான். சிவகாசி என்று நிறுத்திக்கொள்வதுகூட அடக்கம் கருதித்தான். அந்த அட்டையை எழுதியவரே அவ்வளவு கவனமாகப் படித்திருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்.

பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் அச்சகம் ஒன்றில் நான் டிசைனர். அவர் அங்கே போட்டோகிராபர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி முதலாளி முதல் டீ கொண்டு வருபவர் வரை எல்லோருக்கும் அவர் ஏ.எம்.சி. அண்ணாச்சி. ஏ.எம்.சி. என்றால் பராமரிப்பு ஒப்பந்தம். அச்சகத்தில் தண்ணீர் சுத்திகரிப்பான், இன்வெர்ட்டர், ஏ.சி. எதற்கு எப்போது ஆள் வர வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம். வந்த ஆளை அவர் லேசில் விட மாட்டார். "மூணாவது பக்கத்துல பில்டரைக் களுவித் தரணும்னு இருக்கே, பாக்கலியா?" என்று ஆரம்பித்தால், அந்த ஆள் அடுத்த தடவை வேறு ஒருவரை அனுப்பி வைப்பார்.

புதிதாக ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும், ஒரு மாதக் கெடுவுக்குள், முதல் இலவச சர்வீஸ். கெடு முடிகிற நாளில் மீட்டரைப் பார்த்தால் நானூற்று எண்பதுதான். மனிதர் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திருத்தங்கல் சாலையில் போவதும் வருவதுமாக இருந்தார். வழியில் அவரை நான்கு முறை பார்த்த ஒரு பெட்டிக்கடைக்காரர் வண்டியை மறித்து, எதையாவது தொலைத்துவிட்டீர்களா என்று விசாரித்திருக்கிறார். "இன்னும் ஆறு கிலோமீட்டர்தான்" என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போய்விட்டார்.

இப்படிப்பட்டவர் கையில் முதலாளி ஒரு நல்ல கேமராவையும் ஒரே ஒரு லென்ஸையும் கொடுத்தார். கூடவே மூன்று வருட ஒப்பந்தம். அதில் ஒரு வரி: லென்ஸைக் கழற்றிப் பழுது பார்ப்பது ஒப்பந்தக் காலத்தில் ஒரு முறை மட்டும் இலவசம். அச்சில் புள்ளி பார்க்கிற பூதக்கண்ணாடியை வைத்து அந்த வரியைப் படித்துவிட்டு, தாளை லேமினேட் செய்து, மடிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பை சிறியது. பாதித் தாள் எப்போதும் வெளியே எட்டிப் பார்க்கும்.

நாலாவது மாதமே லென்ஸ் கோளாறு செய்தது. படத்தின் இடது பக்கம் கத்தி மாதிரி துல்லியம். வலது ஓரம் மட்டும் கலங்கல். அங்கே யானையே நின்றாலும் மேகம் மாதிரிதான் விழும்.

"அனுப்பிருங்க அண்ணாச்சி. இலவசம்தானே" என்றேன்.

"ஒரு தடவதான்னு போட்டுருக்கான் தம்பி. இந்தச் சின்ன விசயத்துக்கு அதைச் செலவளிச்சுட்டு, நாளப்பின்ன பெருசா ஒண்ணு வந்தா யாருகிட்டப் போயி நிப்பீக?"

"வலப்பக்கம் பூரா கலங்குது. இது சின்ன விசயமா?"

"இடப்பக்கம் நல்லாத்தான இருக்கு."

அன்றிலிருந்து புஸ்வாணமோ சங்குசக்கரமோ கம்பி மத்தாப்போ எதுவானாலும் படத்தில் இடது பக்கம் போய் ஒண்டிக்கொண்டது. வலது பக்கத்தை நிரப்புவது என் வேலை. ஒருநாள் தாமரைப் பூ, ஒருநாள் சிரிக்கிற குழந்தை, எதுவும் தோன்றாவிட்டால் கம்பெனி பெயரையே பெரிதாகப் போட்டுவிடுவேன். ஆறு மாதத்தில் வேடிக்கை நடந்தது. நாரணாபுரத்திலிருந்து ஒரு பார்ட்டி வந்து, "அந்த ஒருச்சாஞ்ச மாடல்லதான் எங்களுக்கு லேபிள் வேணும்" என்று ஒற்றைக் காலில் நின்றார். மற்ற அச்சகங்களும் பார்த்துப் பார்த்துச் செய்யத் தொடங்கின. அந்த வருடம் கடைகளில் அடுக்கியிருந்த பாதிப் பெட்டிகளில் பட்டாசு இடது ஓரத்தில்தான் வெடித்தது. அதற்குக் காரணம் ஒரு லேமினேட் செய்த தாள் என்பது எங்கள் அச்சகத்தைத் தவிர யாருக்கும் தெரியாது.

லேபிளோடு போயிருந்தால் சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். எம். புதுப்பட்டியில் எங்கள் பெரிய பார்ட்டி ஒருவரின் ஆலை இருந்தது. தீபாவளிக்கு ஆலை சாத்துகிற அன்று போனஸும் இனிப்பும் கொடுத்து, எல்லோரையும் நிற்க வைத்துக் குரூப் போட்டோ எடுப்பார்கள். அதைப் பெரிதாக்கி லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுப்பார்கள். எந்த ஊர் வேனில் வந்தார்களோ அந்த ஊர் ஆட்கள் சேர்ந்து நிற்பது அங்கே வழக்கம். ஏழாயிரம்பண்ணை வேன் தூரத்திலிருந்து வருவதால் கடைசியில்தான் வரும். கடைசியில் வருகிறவர்களுக்கு மிச்சம் இருக்கிற இடம் வலது ஓரம். அண்ணாச்சி பின்னால் நகர்ந்து எல்லோரையும் இடது பக்கம் அடக்கிவிடலாம் என்று பார்த்தார். முதுகில் முள்வேலி குத்தியது. அடுத்தடுத்து வந்த இரண்டு தீபாவளிக்கும் அப்படியேதான் எடுத்தார். கலங்கிய இடத்தின் மேல் மத்தாப்புப் பொறியும் தீபாவளி வாழ்த்தும் போட்டு மறைத்தது நான். அந்தப் பாவத்தில் எனக்குப் பாதிப் பங்கு உண்டு.

மூன்றாவது வருடம் ஆவணியில் லேபிள் வேலையாக அந்த ஆலைக்குப் போயிருந்தோம். ஒப்பந்தம் முடியச் சரியாக ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு முறையை அண்ணாச்சி இன்னும் தொடவில்லை. பாக்கிங் செக்‌ஷனிலிருந்து பேச்சியம்மாள் என்ற அம்மா எழுந்து வந்தார். ஏழாயிரம்பண்ணைக்காரர்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்கிடாதீக. இந்தத் தீவாளிக்கு எங்க வேன் ஆளுகள இடப்பக்கம் நிறுத்துவீகளா?"

"ஏந்தாயி?"

"ரெண்டு வருசமா எங்க மூஞ்சி தெரியல. என் மவளே, இதுல நீ எங்கனம்மா நிக்கன்னு கேக்கா. அதைக்கூட விடுங்க. எங்க வேன்ல முனியம்மான்னு ஒருத்தி வருவா. போன மாசில காய்ச்சல்ல தவறிட்டா. மாலை போட்டு வைக்க அவ வீட்டுல வேற படம் இல்ல. நீங்க எடுத்த படத்தைத்தான் ஸ்டூடியோவுக்குக் கொண்டு போனாக. அவரு உத்து உத்துப் பாத்துட்டு, இதுல சீலைதான் தெரியுது, ஆளக் காணலைன்னு திருப்பிக் குடுத்துட்டாரு."

குறையாக அல்ல, தகவலாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அண்ணாச்சி கேமராவைப் பையில் வைத்துப் பூட்டினார். அன்று மேற்கொண்டு படம் எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் தாளை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மூன்று வருடத்தில் அவர் அதைப் படிக்காமல் சும்மா வைத்திருந்து நான் பார்த்தது அன்றுதான்.

மறுநாள் காலையில் லென்ஸ் கூரியரில் சென்னைக்குக் கிளம்பிவிட்டது. வர இருபது நாள் ஆகும். உச்ச சீசன். முதலாளி தாம்தூம் என்று குதித்தார்.

"மூணு வருசமா அனுப்புய்யா அனுப்புய்யான்னு சொன்னேன். கேட்டீரா? ஆர்டர் தலைக்கு மேல கெடக்கும்போது அனுப்பியிருக்கீரு. உம்ம வேலையை வச்சுக்கிடணுமான்னு நான் யோசிக்கணும்."

அண்ணாச்சி வழக்கமாகப் பக்கம், வரி எண்ணோடு பதில் சொல்பவர். அன்று தலையைக் குனிந்துகொண்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"பெருசா ஒண்ணு வந்தா எடுக்கணும்னு வச்சிருந்தேன் மொதலாளி. வந்துருச்சு."

முதலாளிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இருபது நாளும் பழைய படங்களையே திருப்பிப் போட்டும் வெட்டி ஒட்டியும் நான் ஒப்பேற்றினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை.

பதினெட்டாம் நாள் சென்னையிலிருந்து போன். லென்ஸுக்குள் ஒரு ஸ்க்ரூ தளர்ந்திருந்ததாம். புதிதாக ஒன்றை மாற்றிப் போட ஐந்து நிமிட வேலையாம். "அம்புட்டுத்தானா?" என்று அண்ணாச்சி கேட்டார். பிறகு, மாற்றிய பாகம் வாடிக்கையாளருக்கே சொந்தம் என்று ஐந்தாம் பக்கத்தில் இருப்பதால் பழைய ஸ்க்ரூவையும் அனுப்பி வைக்கச் சொன்னார். அனுப்பினார்கள். ஒப்பந்தம் அடுத்த வாரம் முடிந்தது. வேலை போகவில்லை. படங்கள் நேரானதில் நாரணாபுரம் பார்ட்டிக்கு மட்டும் எங்கள் மேல் கொஞ்ச நாள் கோபம்.

தீபாவளிக்கு ஆலை சாத்துகிற அன்று பேச்சியம்மாள் தன் ஆட்களோடு இடது பக்கம் போய் நின்றார். அண்ணாச்சி விடவில்லை.

"வலப்பக்கமே வாங்க தாயி. அங்கதான் இப்ப நல்லா விளும்." கேமராவுக்குப் பின்னால் போனவர் அங்கிருந்தே மெதுவாகச் சொன்னார். "முனியம்மாவுக்குத்தான் ஒண்ணும் செய்ய முடியாமப் போச்சு."

பேச்சியம்மாள் தன் பக்கத்தில் நின்றவர்களை நகர்த்தி ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டார். "அவ நிக்கிற எடம் இது. நீங்க வந்து நில்லுங்க. அந்தத் தம்பி அமுக்கட்டும்."

மூன்று வருடமாகப் படம் எடுத்தவர் ஒரு படத்திலும் நின்றதில்லை. கூச்சத்தோடு போய் வலது ஓரத்தில் நின்றார். நான் அமுக்கினேன்.

இப்போது அவர் வேலையை விட்டுவிட்டு விருதுநகரில் மகள் வீட்டோடு இருக்கிறார். அந்த வீட்டு மிக்ஸிக்கும் பிரிட்ஜுக்கும் யார் பொறுப்பு என்பதை நான் சொல்லத் தேவையில்லை. படம் என் மேஜையில் இருக்கிறது. வலது ஓரத்தில் அவர் சட்டைப்பையிலிருந்து எட்டிப் பார்க்கிற காலாவதியான தாளில் எழுத்துகூடத் தெரிகிறது, அவ்வளவு துல்லியம். அதைப் படிக்க வேண்டும் என்று பல தடவை பூதக்கண்ணாடியை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன்.