நாலு செகண்டு தாய்மாமன்

அரைகுறையாகக் கற்றுக்கொண்டவனிடம் கல்யாண வேலை எதையும் கொடுக்கக் கூடாது. நான் அந்த அரைகுறை. ஸ்டைல் ஷீட் எழுதி வலைப்பக்கத்தில் எழுத்துகளை ஆடவும் ஓடவும் வைக்கப் பத்து நாள் வீடியோ பார்த்துப் பழகியிருந்தேன். பதினோராம் நாள், சங்கரன்கோவிலில் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கே தோன்றிவிட்டது.

அக்கா கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகை போக, போனில் அனுப்ப ஒரு வலைப்பக்கமும் செய்து தருகிறேன் என்றேன். (யாரும் கேட்கவில்லை.) மற்றவர்கள் பெயரெல்லாம் சும்மா நிற்கும். புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடை வைத்திருக்கும் தாய்மாமன் பெயர் மட்டும் இடப்பக்கமிருந்து மிதந்து வந்து பொன்னிறத்தில் மின்னும். மொத்தம் நாலு செகண்டு. அந்த வருகையில் நானே சொக்கிப்போய், பெயர் உள்ளே வந்ததுமே திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டு ரசிப்பேன். முடிவுவரை ஒரு தடவைகூடப் பொறுத்திருந்து பார்க்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் அங்கேயே நில் என்று சொல்ல ஒரே ஒரு சொல் சேர்க்க வேண்டும். சேர்க்கவில்லை. பெயர் வந்தது, மின்னியது, மாயமானது. ‘தாய்மாமன்’ என்ற தலைப்புக்குக் கீழே வெட்டவெளி.

நான் அனுப்பிய பக்கத்தை மாமா கடையில் பத்துப் பேரைக் கூட்டி வைத்துத் திறந்திருக்கிறார். சாயங்காலம் அம்மாவுக்குப் போன் வந்தது.

“எம்பேரே அங்கன நிக்கலயே, நான் மட்டும் வந்து எங்க நிக்க?”

அதோடு வைத்துவிட்டார். அப்பா தூண்டிவிட்டுத்தான் நான் இப்படிச் செய்தேன் என்று அம்மாவுக்குச் சந்தேகம். மாமா மாலை போடாமல் மணவறையில் எப்படி உட்காருவது என்று அக்கா அழுதாள். மறுநாள் லேப்டாப்போடு முதல் பஸ் ஏறினேன்.

எலுமிச்சை மூட்டைமேல் லேப்டாப்பை வைத்து அந்த ஒரு சொல்லைச் சேர்த்தேன். மாமா நம்பவில்லை. போனை மேஜையில் நிறுத்திவைத்து, கையைக் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். ஏலத்துக்கு வந்த வியாபாரிகளும் சுற்றி நின்றார்கள். பெயர் வந்தது, மின்னியது, நின்றது. அரை நிமிஷத்தில் போன் திரை தானாக அணைந்தது.

“பாத்தியால, போயிட்டு,” என்றார் மாமா.

மத்தியானம்வரை, அணைய அணைய அந்தப் போனை விரலால் தட்டிக்கொண்டிருந்தேன். (பத்து நாள் படிப்பு அதற்குத்தான் உதவியது.) பிறகுதான் சாப்பிடக் கூப்பிட்டார்.

கல்யாணத்துக்கு மாமா வந்தார், மாலையும் போட்டார். அதற்கப்புறம் மேடையை விட்டு இறங்கவே இல்லை. ஆல்பத்தில் மாப்பிள்ளை இல்லாத போட்டோகூட உண்டு, மாமா இல்லாத போட்டோ கிடையாது.

இப்போது சென்னையில் எனக்கு இதேதான் பிழைப்பு. லீவுக்கு ஊருக்கு வந்து இரண்டாம் நாளே பையைத் தூக்கினால், வாசலில் நின்று அம்மா கேட்பாள்.

“என்னல, நாலு செகண்டு ஆயிட்டோ?”

வீடே சிரிக்கும். நான் பையைக் கீழே வைத்துவிட்டு மறுநாள் பஸ்ஸுக்குத்தான் போவேன்.